சிறு ரிவால்வருக்கான தோலுறை

சிறு ரிவால்வருக்கான தோலுறை என்பது, குறுகிய குழலுடைய சுழல் கைத்துப்பாக்கியைக் கால்சட்டைப் பையிலோ பூட்ஸ் காலணிக்குள்ளோ வைத்துக்கொள்வதற்காகத் தோலில் செய்யப்படும் உறை ஆகும். இடுப்பு வாரில் தொங்கும் வழக்கமான உறையிலிருந்து இது அளவிலும் அமைப்பிலும் வேறுபட்டது. பையில் வைக்கப்படுவது பை உறை என்றும், காலணியின் உட்புறத்திலோ கணுக்காலிலோ பொருத்தப்படுவது பூட்ஸ் உறை என்றும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. இவ்விரு வகைகளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்தவை. அங்கு இவற்றைச் சேணம் செய்வோரும், தனியாக உறை மட்டும் செய்வோரும், பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்வோரும் இன்றும் கையால் தைக்கின்றனர்.

உறை என்றால் துப்பாக்கியை மறைக்கும் பை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் மறைத்தல் அதன் இரண்டாவது வேலையே. யாரும் வேண்டுமென்று அழுத்தாதபோது விசை அழுந்தாமல் காப்பதே முதல் வேலை. தோலின் தடிமன், தையல் கோட்டின் இடம், ஈர அச்சு, வாய்ப் பகுதியின் விறைப்பு ஆகிய அனைத்தும் இந்த ஒரு தேவையை ஒட்டியே முடிவு செய்யப்படுகின்றன.

வரலாறு

பையில் அடங்கும் ரிவால்வர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாயின. கோல்ட் நிறுவனம் 1850 முதல் 1873 வரை தயாரித்த, 1849ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் .31 அளவுப் பை ரிவால்வர் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. அக்காலத்தில் தனி உறை இல்லாமல் கோட்டுப் பையின் உட்புறத்தில் தோலை வைத்துத் தைத்துக்கொள்வதும் உண்டு. துணிப் பையை உலோகத்தின் கூர்மையான பகுதிகள் கிழித்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

பையிலிருந்து எடுக்கும்போது பின்னால் துருத்தி நிற்கும் சுத்தியல் துணியில் மாட்டுவது பெரிய இடையூறாக இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1887 வாக்கில் சுத்தியலை உடலுக்குள் மறைத்த ரிவால்வரை வெளியிட்டது. அதன் கைப்பிடியின் பின்புறத்தில் இருந்த தகட்டை உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே துப்பாக்கி வெடிக்கும். உறை செய்ய வேண்டிய காப்பு வேலையில் ஒரு பகுதியைத் துப்பாக்கியே ஏற்றுக்கொண்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1927இல் கோல்ட் நிறுவனம் ஆறு தோட்டாக்கள் கொள்ளும் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்ற 2 அங்குலக் குழல் ரிவால்வரைக் கொண்டுவந்தது. சீருடை அணியாத துப்பறிவாளர்களிடம் இது பரவியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற துப்பாக்கி வல்லுநர், விரைவாக விரல் நுழைவதற்காக விசைக்காப்பு வளையத்தின் முன்பகுதியை அறுத்து நீக்கிய ரிவால்வர்களை உருவாக்கினார். அவரே அத்தகைய இரண்டைக் கால்சட்டையின் முன்பைகளில் வைத்திருந்ததாகக் கூறப்படுகிறது. வளையம் திறந்த துப்பாக்கியில் விசையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அதைச் சுற்றியுள்ள தோலிடமே வந்துவிடுகிறது. பிற்காலத்தில் இம்மாற்றம் ஆபத்தானது எனக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது.

இன்றைய பை உறைகளுக்கும் பூட்ஸ் உறைகளுக்கும் அளவுகோலாக இருப்பது ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஜே சட்டக ரிவால்வர் ஆகும். இவ்வரிசையின் முதல் துப்பாக்கியான சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950இல் காவல்துறைத் தலைவர்கள் மாநாடு ஒன்றில் அறிமுகமானது. ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டாக்கள், 2 அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், ஏறத்தாழ 33 மி.மீ. அகலமுள்ள உருளை, தோட்டா இன்றி அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை ஆகியன இதன் அளவுகள். சுத்தியல் மறைந்த சென்டென்னியல் 1952இலும், சுத்தியலின் இருபுறமும் உலோகம் உயர்ந்து நிற்கும் பாடிகார்டு 1955இலும் வந்தன.

உறைத் தொழிலில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சிக் கேலார்டு. ஒவ்வொரு துப்பாக்கியின் வடிவத்துக்கும் ஏற்பத் தோலை ஈரமாக அச்சுப்பிடித்து, பட்டை எதுவும் இல்லாமலேயே துப்பாக்கி இறுகி நிற்கும்படி செய்யும் முறையை அவர் பரப்பினார். 1960இல் வெளியான அவரது ஹேண்ட்கன்னர்ஸ் கைடு என்ற நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. கணுக்கால் உறையைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியவற்றுள் 1971இல் வந்த தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன் திரைப்படமும் ஒன்று. அதில் வரும் துப்பறிவாளர் தம் ரிவால்வரைக் கணுக்காலில் கட்டியிருப்பார்.

உறையின் பணிகள்

பை உறையாயினும் பூட்ஸ் உறையாயினும் மூன்று பணிகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது, விசைக்காப்பு வளையம் முழுவதையும் மூடுதல். சிறு ரிவால்வரின் விசையை முழுத் தொலைவு இழுத்துச் சுட ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். இவ்வளவு கடினமான விசை தானாக அழுந்தாது என்ற நம்பிக்கையில் சிலர் உறையின்றிப் பையில் போட்டுக்கொள்வர். ஆனால் அதே பையில் உள்ள சாவி வளையத்துக்குள் நுழைந்த நிலையில், மேலே சிக்கிய துப்பாக்கியைக் கையால் வலிந்து இழுத்தால் அந்த அழுத்தம் எளிதில் கிடைத்துவிடும். சுத்தியல் துணியில் மாட்டிப் பின்னுக்குப் போய்விட்டால் அதன் பிறகு மிகக் குறைந்த அழுத்தமே போதும்.

இரண்டாவது, துப்பாக்கியை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருத்தல். உறையில்லாத துப்பாக்கி பைக்குள் புரண்டு கைப்பிடி கீழாகவும் குழல் மேலாகவும் திரும்பிவிடலாம். கையை விடுபவர் எதைப் பிடிக்கிறோம் என்று அறியாமல் முதலில் விசையையே தொட நேரும்.

மூன்றாவது, துப்பாக்கி வெளியே வரும்போது தான் பின்தங்கிவிடுதல். உறையும் சேர்ந்து வந்துவிட்டால் அதைக் கழற்ற மற்றக் கையைத் துப்பாக்கியின் முன்னே கொண்டுவர வேண்டியிருக்கும். கைக்காயங்கள் நேர்வதற்கு இது ஒரு வழியாகும்.

தோல்

உறைக்கு ஏற்றது தாவரப் பொருள்களால் பதனிடப்பட்ட மாட்டுத் தோல். மரப்பட்டையிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களைக் கொண்டு பதனிடும் முறை இது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட தோலும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தோல் நனைந்தால் களிமண்போல் இணங்கும். உலர்ந்தால் கொடுத்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். உறை செய்வதற்கு இப்பண்பே அடிப்படை.

குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது. நனைத்து அச்சுப்பிடித்தாலும் வடிவம் நிலைக்காது. அதில் எஞ்சியிருக்கும் உப்புகள் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யவும் கூடும். கைப்பைக்கும் காலணியின் மேற்பகுதிக்கும் பொருந்தும் இத்தோல் துப்பாக்கி உறைக்குப் பொருந்தாது.

அமெரிக்கத் தோல் வணிகத்தில் தடிமனை அவுன்ஸ் என்ற அலகால் கூறுவர். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆகும். பை உறைக்கு 5 முதல் 6 அவுன்ஸ், அதாவது 2 முதல் 2.4 மி.மீ. தடிமன் போதும். பூட்ஸ் உறைக்கு 7 முதல் 8 அவுன்ஸ், அதாவது 2.8 முதல் 3.2 மி.மீ. வேண்டும். பை உறைக்கு மேலும் தடித்த தோலை எடுத்தால் பை புடைத்துத் தெரியும். மிக மெல்லியதை எடுத்தால் விசையின் மீது தோல் உள்வாங்கும். மாட்டின் முதுகை ஒட்டிய பகுதி நெருக்கமான நார்களை உடையது. வயிற்றுப் பகுதி இழுபடும் தன்மையுடையதால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

கருவிகள்

கூர்மையான கத்தி, குத்தூசி, மழுங்கிய முனையுடைய இரண்டு தையல் ஊசிகள், மெழுகு ஏற்றிய லினன் அல்லது பாலியெஸ்டர் நூல், தையல் இடைவெளியைக் குறிக்கும் பல்சக்கரம், தோலின் விளிம்பைச் சீவும் சிறு உளி, உப்புத்தாள், விளிம்பைத் தேய்க்க வழவழப்பான மரக்கட்டை, எலும்பிலோ கொம்பிலோ செய்த தேய்ப்பான், செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் சொலூஷன் பசை ஆகியவை போதும். தையலின்போது தோலைப் பிடித்துக்கொள்ள முழங்கால்களுக்கு இடையே வைக்கும் மரக்கவ்வி இருந்தால் இரு கைகளும் ஓய்வாக இயங்கும்.

இவற்றோடு அதே மாதிரித் துப்பாக்கியின் போலி வடிவம் ஒன்று தேவை. சுட முடியாத, வார்த்த நெகிழியாலோ உலோகத்தாலோ ஆன இவ்வடிவங்கள் பயிற்சிக்காகவும் உறை செய்வோருக்காகவும் விற்கப்படுகின்றன. போலி வடிவம் கிடைக்காமல் உண்மைத் துப்பாக்கியையே பயன்படுத்த நேர்ந்தால், உருளையைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் வந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அளவெடுக்கும்போதும் அச்சுப்பிடிக்கும்போதும் துப்பாக்கி பலமுறை கையில் புரளும்; விசையின் மீது விரல் பட்டுக்கொண்டே இருக்கும் வேலை இது.

பை உறை செய்யும் முறை

மாதிரித் தாள்: தடித்த தாளின் நடுவே ஒரு நேர்கோடு வரைந்து, குழலின் மேல்விளிம்பு அக்கோட்டில் படும்படி துப்பாக்கியை நிறுத்த வேண்டும். பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து அதன் வெளிக்கோட்டை வரைய வேண்டும். நடுக்கோடே தோல் மடியும் இடம். விசைக்காப்பின் பக்கமே தையல் வரும் இடம். வெளிக்கோட்டை ஒட்டியே தைத்தால் துப்பாக்கி உள்ளே நுழையாது. ஓர் இடத்தில் துப்பாக்கியின் தடிமனில் பாதியையும் தோலின் தடிமனையும் கூட்டினால் வரும் தொலைவில் தையல் கோடு அமைய வேண்டும். எடுத்துக்காட்டாக, விசைக்காப்பு வளையம் 10 மி.மீ. தடிமனும் தோல் 2 மி.மீ. தடிமனும் இருந்தால், வளையத்திலிருந்து 7 மி.மீ. தள்ளித் தையல் கோடு வரும். அதற்கு வெளியே விளிம்புக்காக மேலும் 6 மி.மீ. விட வேண்டும். உருளை புடைத்திருப்பதால் அப்பகுதிக்குக் கூடுதல் அகலம் தேவை. தாளை வெட்டி மடித்து, போலித் துப்பாக்கியைச் சுற்றிக் கவ்விகளால் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதல் மாதிரித் தாளே சரியாக அமைவது அரிது. இரண்டு மூன்று முறை வெட்டிப் பார்ப்பதே வழக்கம்.

வாயின் உயரம் கவனமாக முடிவு செய்ய வேண்டியது. தோல் விசைக்காப்பு வளையத்தை முழுவதும் மூடி, கைப்பிடியில் நடுவிரல் படும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலேறினால் முழுப்பிடி கிடைக்காது. கீழிறங்கினால் விசை வெளியே தெரியும். இரண்டுக்கும் இடையே தயக்கம் வந்தால் விசையை மூடும் பக்கமே சாய வேண்டும்.

கொக்கி நீட்சி: தையல் பக்கத்தில் வாய்க்குக் கீழே தோலை ஒரு சிறு சிறகுபோல் நீட்டி வெட்டுவர். துப்பாக்கியை மேலே இழுக்கும்போது இச்சிறகு பையின் வாயோரத்தில் சிக்கி உறையைத் தடுத்து நிறுத்தும். இதே நோக்கத்துக்காகப் பல பை உறைகளில் தோலின் சொரசொரப்பான சதைப்பக்கம் வெளியே இருக்குமாறும், வழவழப்பான மயிர்ப்பக்கம் துப்பாக்கியை ஒட்டுமாறும் மடிக்கின்றனர். வெளிப்பக்கம் துணியைப் பற்றிக்கொள்ளும். உட்பக்கம் துப்பாக்கியை வழுக்கி விடும்.

வலுவூட்டல்: 2 மி.மீ. தோல் விரல் அழுத்தத்துக்கு வளையக்கூடும். எனவே விசைக்கு நேராக வெளிப்புறத்தில் அதே தோலில் ஒரு துண்டை ஒட்டித் தைக்க வேண்டும். வாயோரத்திலும் ஒரு பட்டை தைத்தால் துப்பாக்கி வெளியே வந்த பின்னும் வாய் மூடிக்கொள்ளாது. உடலுக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது பையின் வெளித்துணியை ஒட்டிய பக்கத்தில், சதுரமான தோல் ஒன்றைத் தைப்பதும் உண்டு. அது உருளையின் புடைப்பை மறைத்து, பையில் பணப்பை இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தரும்.

தையல்: இத்துண்டுகளையெல்லாம் தோல் தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட்டு, பிறகு மடித்து விளிம்பில் பசை தடவி ஒட்ட வேண்டும். விளிம்பிலிருந்து 5 அல்லது 6 மி.மீ. தள்ளி மெல்லிய பள்ளம் கீறி, 4 மி.மீ. இடைவெளியில் துளைகளைக் குறித்து, குத்தூசியை நேராகச் செலுத்த வேண்டும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் தேவைப்படும். நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக நுழைத்து இழுப்பது சேணத் தையல் எனப்படும். இதில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் தையலைத் தாங்கிக்கொள்ளும். தையல் இயந்திரத்தின் பூட்டுத் தையலில் ஓரிடம் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரியக்கூடும். முடிவில் இரண்டு மூன்று தையல்களைத் திரும்பப் போட்டு நூலை வெட்ட வேண்டும். விசைக்காப்பின் வளைவை ஒட்டிவரும் தையலே துப்பாக்கியை உள்ளே இறுக்கிப் பிடிப்பது. அங்கு 2 மி.மீ. பிசகினாலும் உறை தொளதொளக்கும்.

ஈர அச்சு: தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 விநாடி வரை முக்கி எடுக்க வேண்டும். நெடுநேரம் ஊறினால் தோலின் உறுதி குறையும். உண்மைத் துப்பாக்கியாயின் எண்ணெய் பூசி மெல்லிய நெகிழித் தாளால் சுற்ற வேண்டும். முன் குறிமுனை தோலைக் கீறாமல் வெளிவர, குழலின் மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய மரக்குச்சியை ஒட்டிக்கொள்வர். துப்பாக்கியை உள்ளே செலுத்தியபின் உருளை, விசைக்காப்பு, சட்டகம் ஆகியவற்றின் ஓரங்களை முதலில் விரலாலும் பிறகு எலும்புத் தேய்ப்பானாலும் அழுத்தி எடுக்க வேண்டும். விசைக்காப்பு வளையத்துக்குள் தோலை ஆழமாக அமுக்கக் கூடாது. வளையத்தின் ஓரம் பதிந்தாலே பிடி கிடைத்துவிடும். ஆழமாக அமுக்கினால் தோலே விசையைத் தொடும்.

வடிவம் நின்றதும் துப்பாக்கியை எடுத்துவிட்டு, அறை வெப்பத்தில் ஒரு நாள் உலரவிட வேண்டும். விரைவாக உலர்த்த விரும்புவோர் 50 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஈரமான தாவரப் பதத் தோல் 70 பாகையை நெருங்கினால் சுருங்கிக் கெட்டுப்போகும். நேரடி நெருப்பும் கடும் வெயிலும் ஆகா.

முடித்தல்: விளிம்புகளை உளியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, சிறிது நீர் தொட்டு மரக்கட்டையால் பளபளப்பாகும்வரை உரச வேண்டும். சாயம் ஏற்றினால் உலர்ந்தபின் துணியில் ஒட்டாத வரை துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கால்சட்டைப் பை கறைபடும். எண்ணெய் மிகக் குறைவாகத் தடவ வேண்டும். அது மிகுந்தால் அச்சுப்பிடித்துப் பெற்ற விறைப்பு போய்விடும். இறுதியில் மெழுகு பூசுவது ஈரத்தைத் தடுக்கும்.

பூட்ஸ் உறை செய்யும் முறை

அடிப்படை வேலை பை உறையைப் போன்றதே. ஆனால் காலின் இயக்கம் காரணமாகச் சில மாற்றங்கள் தேவைப்படுகின்றன. ஒரு .38 ஸ்பெஷல் தோட்டா ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளது. ஐந்து தோட்டா நிரப்பிய எஃகு ரிவால்வர் அறுநூறு கிராமைத் தாண்டும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இந்த எடை முன்னும் பின்னும் வீசப்படுகிறது. ஓடும்போதும் படியிறங்கும்போதும் அதிர்கிறது. ஆகவே தோலின் இறுக்கத்தை மட்டும் நம்பாமல் பட்டை ஒன்றும் வைக்கப்படுகிறது.

பூட்ஸ் உறையில் இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது, மாடு மேய்ப்போர் அணியும் உயர்ந்த பூட்ஸின் விளிம்பில் மாட்டும் வகை. உறையின் பின்தோலை மேலே நீட்டி, அதில் வில்லெஃகுக் கவ்வி ஒன்றைத் தறையாணியால் பொருத்துவர். கவ்வி பூட்ஸின் மேல்விளிம்பைப் பற்றிக்கொள்ள, துப்பாக்கி காலணிக்கும் காலுக்கும் இடையே தொங்கும். தறையாணியின் உட்தலை துப்பாக்கியைக் கீறாதபடி மெல்லிய தோலால் மூடப்பட வேண்டும். காலணியின் மேற்பகுதி விறைப்பாக இருந்தால்தான் இவ்வகை பயன்படும். துவளும் தோலாயின் எடை தாங்காமல் சரியும்.

இரண்டாவது, கணுக்காலைச் சுற்றிக் கட்டும் வகை. ஏறத்தாழ 10 செ.மீ. அகலமுள்ள தோல் பட்டையின் உட்புறத்தில் மயிர் நீக்காத செம்மறித் தோலைத் தைத்து, அதன் மேல் உறையை இணைப்பர். காலுறை அணிந்த நிலையில் கணுக்காலின் சுற்றளவை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காக 5 முதல் 7 செ.மீ. கூட்ட வேண்டும். மூடுவதற்குக் கொளுவியோ வெல்குரோ பட்டையோ பொருத்தலாம். எடை கீழே இழுப்பதால் பட்டை சரியாமலிருக்க, கெண்டைக்காலுக்கு மேலே கட்டும் இன்னொரு மெல்லிய பட்டையோடு இதை இணைப்பதும் உண்டு. கணுக்கால் எலும்பின் மீது உருளை இடிக்காதபடி உறையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும்; இதைக் கவனியாத உறையை ஒரு மணிநேரம்கூட அணிய முடியாது.

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலின் உட்புறத்தில் அணிவர். வெளிப்புறத்தில் வைத்தால் நாற்காலி, கதவு, வண்டி ஆகியவற்றில் இடிபடும்.

பிடிப்புப் பட்டை பின்தோலிலிருந்து எழுந்து சுத்தியலின் பின்புறமாக வந்து, டிச் பட்டன் எனப்படும் அழுத்துப் பொத்தானில் முடியும். பொத்தான் பக்கத்துத் தோலுக்குள் மெல்லிய எஃகுத் தகடு வைத்துத் தைத்தால், கட்டைவிரலால் தள்ளியவுடன் திறக்கும். பட்டை சுத்தியலை மேலிருந்து அமுக்காமல் பின்னாலிருந்து தடுக்கும்படி அளவெடுக்க வேண்டும். சுத்தியல் முள்ளுக்கும் தோட்டாவுக்கும் இடையே தடுப்பு இல்லாத பழைய ரிவால்வர்கள் கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடியவை. அத்தகையவற்றுக்குப் பட்டை தவிர்க்க முடியாதது.

இவ்வுறை அமர்ந்த நிலையில், குறிப்பாக ஊர்தி ஓட்டும்போது, வசதியானது. நின்ற நிலையிலோ மண்டியிடாமல் எட்ட முடியாது. எனவே அமெரிக்கக் காவலர்கள் பெரும்பாலும் இதை இரண்டாவது துப்பாக்கிக்கே பயன்படுத்துகின்றனர்.

சோதனை

முடிந்த உறையைப் போலித் துப்பாக்கியைக் கொண்டோ தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கொண்டோ சோதிக்க வேண்டும். பட்டையை மூடாமல் தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்கினால் துப்பாக்கி விழக் கூடாது. விசைக்கு நேரே வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் விசை அசையக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபின் வாய் திறந்தே இருக்க வேண்டும். பை உறையாயின், அணியப்போகும் கால்சட்டையிலேயே நூறு முறையாவது எடுத்துப் பார்த்து, உறை ஒருமுறையும் உடன் வராததை உறுதி செய்ய வேண்டும். பையின் அளவு கால்சட்டைக்குக் கால்சட்டை மாறுபடும். ஒன்றில் நின்ற கொக்கி மற்றொன்றில் நழுவலாம்.

பயன்பாட்டில் பொதுவாகக் கூறப்படும் விதிகள் இரண்டு. உறை இருக்கும் பையில் வேறு எப்பொருளும் இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது, முதலில் உறையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, கண்ணால் பார்த்தபடி துப்பாக்கியை அதில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பையில் வைக்க வேண்டும். பைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உறையில் துப்பாக்கியை நுழைப்பது, குழலைத் தன் தொடையை நோக்கித் திருப்புவதாகும்.

உறையில்லாமையின் விளைவுக்கு அமெரிக்காவில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரெஸ் தொடர்பான நிகழ்ச்சி. 2008 நவம்பரில் நியூயார்க்கின் இரவு விடுதி ஒன்றில், அவர் உறையின்றி இடுப்பில் செருகியிருந்த கைத்துப்பாக்கி நழுவி வெடித்துத் தொடையில் காயம் ஏற்பட்டது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்காக 2009இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அது ரிவால்வர் அன்று. ஆயினும் நழுவும் துப்பாக்கியைப் பிடிக்கப் போகும் கை விசையில் படும் என்ற பாடம் எல்லா வகைக்கும் பொருந்தும்.

பராமரிப்பும் ஆயுளும்

தாவரப் பதத் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, வியர்வையையும் உறிஞ்சும். எனவே துப்பாக்கியை நாள்கணக்கில் உறையிலேயே விட்டுவைத்தால் எஃகு துருப்பிடிக்கும். பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். பூட்ஸ் உறையில் இது விரைவாக நிகழும். பை உறையில் துணித்துகள் சேர்ந்து உருளைக்கும் சட்டகத்துக்கும் இடையே அடையும். வாரம் ஒருமுறை உறையைக் கவிழ்த்துத் தட்டித் துடைப்பது வழக்கம்.

தோலுறைக்கு ஆயுள் உண்டு. வாயோரம் தளர்ந்து உள்நோக்கி மடியத் தொடங்கினால் அம்மடிப்பே துப்பாக்கியைச் செருகும்போது வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்தலாம். பழகிய உறை மென்மையாகிக் கைக்கு இதமாக இருக்கும் நிலையே பல நேரங்களில் அதை மாற்ற வேண்டிய நிலையாகும். எண்ணெய் ஊற்றி மென்மையாக்குவது தவறு. வாய் தளர்ந்த உறையை மீண்டும் நனைத்து அச்சுப்பிடிக்கலாம். நார் நைந்திருந்தால் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

உறை பூட்டு அன்று. வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் உறையோடு தொங்கும் துப்பாக்கி உறையற்ற துப்பாக்கிக்குச் சமமே. உடலிலிருந்து கழற்றியதும் தோட்டாக்களை நீக்கித் தனியே பூட்டிவைக்க வேண்டும்.

சட்டம்

அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்வது குறித்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நியூயார்க் மாநிலம் 1911இலேயே சல்லிவன் சட்டத்தின் மூலம் மறைக்கத்தக்க துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவை என்றாக்கியது. அம்மாநிலத்தில் மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் பெறச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கியது. உறையின் வடிவமே சட்டச் சிக்கலைத் தரும் இடமும் உண்டு. பணப்பைபோல் தோன்றி, உள்ளிருந்தபடியே துப்பாக்கியைச் சுடுவதற்குத் துளை விடப்பட்ட உறை, துப்பாக்கியோடு சேரும்போது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டிய தனிவகை ஆயுதமாகக் கருதப்படுகிறது. விசையை முழுவதும் மூடிய உறைக்கு இச்சிக்கல் இல்லை.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ அதற்கான பையிலோ முழுவதும் மூடிய நிலையில், தம் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச்செல்ல வேண்டும் என 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை, 2014இல் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் என்ற .32 அளவு ரிவால்வரைப் பெண்களைக் கருத்தில் கொண்டு வெளியிட்டது. கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்ட அத்துப்பாக்கிக்கும் மேலே கூறிய மூன்று பணிகளைச் செய்யும் உறை தேவை. சாவி, சீப்பு, சில்லறை ஆகியவற்றோடு கைப்பையில் கிடக்கும் ரிவால்வரின் விசையைக் காப்பது அதைச் சுற்றியுள்ள தோல் மட்டுமே.